கத்திரி வெயிலில் ஓவர்க்ளாக்: எந்த மென்பொருளை நம்புவது, எந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விடுவது?

கெடிலக்கரை

வணக்கம் மக்களே. ஊர் கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். மாடி அறை, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடித் தளம், ஏசி கிடையாது. சிஸ்டம் இதுதான்: ரைசன் 5 5600 ப்ராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கேம்.

யூடியூபில் ஒருவர் ஓவர்க்ளாக் என்று, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றுவதற்கு, கிராஃபிக்ஸ் கார்டு மென்பொருளான ஆஃப்டர்பர்னரில் இரண்டு ஸ்லைடரை வலதுபக்கம் இழுத்துவிட்டு "பாருங்க, காசில்லாமல் வேகம்" என்கிறார், அவருடைய கார்டு 64 டிகிரியில் நிற்கிறது, என்னுடையது ஒன்றுமே செய்யாமல் 81. ப்ராசஸர் விஷயம் இன்னும் குழப்பம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஹெச்டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப், ரைசன் மாஸ்டர் என்று வெப்பம் காட்டும் மென்பொருள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்று 84 என்கிறது, ஒன்று 79 என்கிறது, இன்னொன்றில் ஆக்ஸ்டின் என்று ஒரு வரி, அதில் 127 டிகிரி! அசையாமல் அப்படியே நிற்கிறது. போர்டில் எதுவோ எரிகிறதா? எதை நம்புவது, எவ்வளவு ஓவர்க்ளாக் செய்யலாம், சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்

127-ஐப் பார்த்துப் பயப்படாதே தம்பி, அது வெப்பமே இல்லை. மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சில்லு இருக்கும், பெரும்பாலும் நுவோடான் அல்லது ஐடிஇ தயாரிப்பு. விசிறி வேகம், வோல்டேஜ், போர்டு வெப்பம் எல்லாம் அதன் வழியாகத்தான் மென்பொருளுக்கு வருகிறது. அந்தச் சில்லில் வெப்ப உணரி மாட்டுவதற்கு பல கால்கள் உண்டு, போர்டு தயாரிப்பவர் தேவையானதில் மட்டும் மாட்டிவிட்டு மீதியைச் சும்மா விட்டுவிடுவார். சும்மா கிடக்கும் காலையும் மென்பொருள் வாசிக்கும். 8 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127, அதுதான் அங்கே வந்து நிற்கிறது. அசையாமல் நிற்கிறது என்று நீயே சொல்லிவிட்டாய், உண்மையான வெப்பம் ஒரு நிமிடம்கூட அப்படி நிற்காது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அந்த வரியின்மேல் வலது க்ளிக் செய்து மறைத்துவிடு.

84க்கும் 79க்கும் சண்டை இல்லை. ப்ராசஸருக்குள்ளேயே உணரிகள் பல. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் டிசிடிஎல்/டிடை என்று ஒரு வரியும் சிசிடி1 என்று ஒரு வரியும் தனித்தனியாக இருக்கும் பார். விசிறிக் கட்டுப்பாடும் வேகக் குறைப்பும் முதல் வரியை வைத்து நடக்கின்றன. அதைப் பார், மற்றதை விடு. 5600க்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பு 90 டிகிரி, நீ இன்னும் அதைத் தொடவில்லை.

அப்புறம், நான்கு மென்பொருளையும் ஒன்றாக ஓடவிடாதே. ஒரே குழாயடியில் நான்கு குடம் வைத்த மாதிரி ஆகிவிடும். ஒழுங்காக எழுதிய மென்பொருள்கள் முறை வைத்துக்கொண்டு உணரியை வாசிக்கும், சில அப்படிச் செய்யாது, அப்போது விசிறி வேகம் திடீரென்று பூஜ்யம் என்று காட்டும், இல்லை சிஸ்டமே உறைந்துபோகும். பார்ப்பதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ, கிராஃபிக்ஸ் கார்டில் கை வைக்க ஆஃப்டர்பர்னர். இரண்டு போதும்.

நேருவீதி நைட்ஷிப்ட்

என்னப்பா, கேட்டது ஓவர்க்ளாக், சொல்வது வெப்பமானிப் பாடம். 3060க்கு கோர் வேகத்தில் +120 மெகாஹெர்ட்ஸ், மெமரியில் +700, பவர் லிமிட்டை முழுக்க ஏற்று, விசிறியை 80 சதவீதத்தில் வை, ஆட வேண்டியதை ஆடு. என்னுடையதில் இப்படித்தான் ஓடுகிறது, 70 தாண்டியதில்லை. இதற்கெல்லாம் யோசித்தால் கணினி வாங்கக் கூடாது.

உப்புக்காற்று

நைட்ஷிப்ட் தம்பி, உங்கள் அறையில் ஏசி ஓடுகிறதா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

நேருவீதி நைட்ஷிப்ட்

ஓடுகிறது. 24ல் இருக்கும். அதனால் என்ன?

உப்புக்காற்று

அதனால்தான் எல்லாமே. நான் தேவனாம்பட்டினம் ரோட்டில் சர்வீஸ் பார்ப்பவன், மே மாதம் வந்தால் என் மேசைக்கு வருவதில் பாதி இப்படி வீடியோ பார்த்து ஸ்லைடர் இழுத்த கேஸ்தான்.

மென்பொருள் காட்டும் 84 என்பதில் அறையின் வெப்பமும் சேர்ந்தே இருக்கிறது. ஹீட்சிங்க், அதாவது சில்லின் மேல் உட்காரும் உலோகத் தகடுகள், காற்றைக் குளிர்விக்காது, இருக்கிற காற்றில் சூட்டைக் கொட்டும், அவ்வளவுதான். அறை 22 டிகிரியில் இருக்கும்போது 70 காட்டிய அதே ப்ராசஸர், அறை 36 ஆனால் 84 பக்கம் வந்து நிற்கும். உள்ளே எதுவும் மாறவில்லை, 48 டிகிரி வித்தியாசம் அப்படியே இருக்கிறது. எனவே அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதாக இருந்தால் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடு. யூடியூபர்களில் பலர் அறை வெப்பத்தைச் சொல்வதே இல்லை.

நம் கடற்கரையில் இன்னொரு சங்கதி. கடல்காற்று மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் பரவாயில்லை. மேற்கிலிருந்து அனல் பலமாக வீசும் நாளில் கடல்காற்று மூன்று மணி, நாலு மணி வரை வராது, அன்றைக்குத்தான் 40 தொடுகிறது. மொட்டை மாடித் தளம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிவரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். நீ கேம் ஆடும் நேரமும் அதுதான். காலை ஆறு மணிக்குச் சோதித்துப் பார்த்து "நிலையாக இருக்கிறது" என்று முடிவு கட்டினால் ராத்திரி எட்டு மணிக்கு அது உன்னைக் கைவிடும்.

ஆகவே கெடிலக்கரைக்கு என் யோசனை நேர் எதிர்: ஏற்றாதே, இறக்கு. அண்டர்வோல்ட் செய், அதாவது வோல்டேஜைக் குறைத்து ஓட்டு.

கெடிலக்கரை

அண்ணே, அண்டர்வோல்ட் என்றால் வேகம் குறைந்துவிடாதா? எடிட்டிங்கில் எக்ஸ்போர்ட் நேரம் கூடினால் ஸ்டுடியோக்காரர் என்னை உரித்துவிடுவார்.

உப்புக்காற்று

குறையாது, சொல்கிறேன் கேள். சில்லு வேலை செய்யும்போது தின்னும் மின்சக்தி அதன் வேகத்துக்கு நேர்விகிதம், ஆனால் வோல்டேஜுக்கு வர்க்க விகிதம். உன் கார்டு 1900 மெகாஹெர்ட்ஸில் ஓட 1.05 வோல்ட் எடுக்கிறது என்று வை. அதே 1900-ஐ 0.9 வோல்ட்டில் ஓடவைக்க முடிந்தால், 0.9-ஐ 1.05-ஆல் வகுத்து வர்க்கம் எடு, 0.73 பக்கம் வரும். அதாவது அந்தப் பங்கில் கால்வாசிக்கு மேல் மிச்சம், வேகம் அதே வேகம். தொழிற்சாலையில் எல்லாக் கார்டுக்கும் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள், மட்டமான சில்லும் ஓடவேண்டும் இல்லையா. உன் சில்லு மட்டமானது இல்லையென்றால் அந்தத் தாராளம் முழுக்க வெறும் சூடு.

இதோடு இன்னொன்று, கார்டு சூடாக ஆக தன் வேகத்தைத் தானே படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் இறக்கினவன் கார்டு ஏற்றினவன் கார்டைவிட வேகமாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்து, வோல்டேஜ்-வேக வளைவு திறக்கும். முதலில் கோர் ஸ்லைடரை நன்றாகக் கீழே இறக்கு, மொத்த வளைவும் கீழே போய்விடும். பிறகு 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1850 மெகாஹெர்ட்ஸ் வரை தூக்கி, சரி குறியை அழுத்து. வலதுபக்கம் முழுக்க ஒரே கோடாகத் தட்டையாகிவிடும். ஒரு மணி நேரம் கேம் ஆடு, நிற்கிறது என்றால் 1875, 1900 என்று ஏற்று. விழுந்தால் ஒரு படி இறங்கு. விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும் பொத்தானை மட்டும் கடைசிவரை அழுத்தாதே. தவறான எண்ணோடு அதை அழுத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் தொடங்கியவுடன் விழும், அப்புறம் சேஃப் மோடில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

நேருவீதி நைட்ஷிப்ட்

கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரையும் இறக்கு இறக்கு என்று சொல்வதும் நியாயமில்லை. எனக்கு பெஞ்ச்மார்க் ஸ்கோர்தான் பொழுதுபோக்கு, சிலர் பைக்கில் சைலன்சர் மாற்றுகிறார்கள், நான் மெமரி டைமிங் மாற்றுகிறேன். +120 போட்டால் 60 பிரேம் வந்த இடத்தில் 62, 63 வரும், யாருக்கும் கண்ணில் தெரியாது, எனக்குத் தெரியும். அது போதும்.

ஆனால் ஒன்றை எல்லாரும் கவனியுங்கள். ஆஃப்டர்பர்னரை எம்எஸ்ஐ தளத்திலிருந்தோ குரு3டி தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். 2022 கடைசியில் அதே முகப்போடு போலித் தளங்கள் கிளம்பி, நிறுவும் கோப்பிலேயே கிரிப்டோ மைனரைச் சேர்த்து விட்டார்கள். கூகுளில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தியவர்களுக்குத்தான் அடி. கார்டு சும்மா இருக்கும்போதே விசிறி கத்தினால் அதையும் சந்தேகப்படுங்கள்.

கரும்புக்காடு

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு குரல். ஆஃப்டர்பர்னர் எம்எஸ்ஐ பெயரில் வந்தாலும் எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடும். அதை எழுதுபவர் ரிவாட்யூனர் என்ற பழைய மென்பொருளை எழுதிய அலெக்ஸி நிகோலாய்சுக், ரஷ்யர். 2023 தொடக்கத்தில் உக்ரைன் போரினால் அவருக்குப் பணம் போய்ச்சேராமல் திட்டமே நின்றுவிடும் போலிருந்தது, பிறகு புதிய பதிப்பு வந்தது. உலகம் முழுக்கக் கேமில் மூலையில் எண் காட்டும் மென்பொருள் ஒரே மனிதர் கையில் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவும் கிட்டத்தட்ட அப்படித்தான், மார்ட்டின் மாலிக் என்ற ஒருவருடைய உழைப்பு. நாம் இலவசமாகத்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறோம்.

ஆமாம், விண்டோஸ் டிஃபெண்டர் என் நண்பனுடைய கணினியில் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருளை வைரஸ் என்று சொல்லித் தூக்கிவிட்டது. அது நிஜமா?

லாஸ்பேட்டைக்காரன்

வைரஸ் இல்லை, ஆனால் டிஃபெண்டர் கத்துவதற்குக் காரணம் உண்டு. உணரியை வாசிக்கவேண்டுமானால் மென்பொருளுக்கு விண்டோஸின் அடிமட்டம்வரை போகும் ட்ரைவர் ஒன்று வேண்டும். பல இலவச மென்பொருள்கள் வின்ரிங்0 என்ற பழைய ட்ரைவரையே பகிர்ந்துகொண்டன. அதில் ஓட்டை இருப்பது 2020லேயே பதிவாகிவிட்டது, கெட்ட மென்பொருள் அதே ட்ரைவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறலாம். 2025 மார்ச்சில் டிஃபெண்டர் அதைப் பிடிக்க ஆரம்பித்ததும் ஃபேன் கன்ட்ரோல், லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் பயன்படுத்தியவர்களுக்கு ஒரே நாளில் கலவரம். இரண்டும் பிறகு வேறு ட்ரைவருக்கு மாறிவிட்டன. பழைய பதிப்பை விதிவிலக்குப் பட்டியலில் போட்டு ஓட்டாமல் புதியதை இறக்கச் சொல்.

கெடிலக்கரை

செய்து பார்த்தேன்! 900 மில்லிவோல்ட்டில் 1875 நிற்கிறது, 1900 போட்டால் அரை மணியில் கேம் மூடிக்கொள்கிறது. கார்டு 168 வாட் தின்றது இப்போது 132, வெப்பம் 81லிருந்து 72. பிரேம் எண்ணிக்கையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. விசிறிச் சத்தம் குறைந்ததை அம்மாவே கேட்டார்கள், "என்னடா, மிஷினை நிறுத்திட்டியா" என்று.

ப்ராசஸருக்கு என்ன செய்யலாம்? ஹெச்டபிள்யூஇன்ஃபோ படமும், ப்ராசஸர், ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் படமும் இணைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரன்

தம்பி, உன் சிபியு-இசட் படத்தில் மெமரி பக்கத்தைப் பார். டிராம் ஃப்ரீக்வென்சி 1199 என்று இருக்கிறது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், 2400. ரேம் தன் விவரத்தைச் சொல்லும் எஸ்பிடி பக்கத்திலோ 3200ல் ஓடுவதற்கான எக்ஸ்எம்பி அமைப்பு இருக்கிறது. அதாவது காசு கொடுத்து 3200 வாங்கி 2400ல் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். சிஸ்டம் போட்டுக்கொடுத்த கடையில் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டு அமைப்பில், அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், நிறையக் கடைகளில் இதே கதை.

ரைசனில் இது சாதாரண விஷயம் இல்லை. ப்ராசஸரின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேம் வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டது, ரேம் 2400 என்றால் அது 1200, ரேம் 3200 என்றால் 1600. நீ தேடிக்கொண்டிருந்த "காசில்லாத வேகம்" ஸ்லைடரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 5600க்கு 3200 என்பது ஏஎம்டியே அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் என்பதால் பயமும் இல்லை. மாற்றியபின் ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டு, ஒரு பிழைகூட வரக்கூடாது. எடிட்டிங் செய்பவனுக்கு ரேம் பிழை என்றால் கல்யாண வீடியோ நடுவில் பச்சைக் கோடு.

உப்புக்காற்று

கண்ணு கூர்மை. நான் அதைப் பார்க்கவே இல்லை.

ப்ராசஸருக்கு: உன் போர்டு பயாஸ் புதியதாக இருந்தால் பிபிஓ என்ற பகுதியில் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும், ப்ராசஸரின் வோல்டேஜைப் படிப்படியாக இறக்கும் வசதி. எல்லாக் கோருக்கும் மைனஸ் 15ல் தொடங்கு. ஒரு படி என்பது தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். இதில் ஒரு சூது இருக்கிறது. எல்லாக் கோரையும் ஒன்றாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஓட்டி விழவில்லை என்றால் சரி என்று நினைத்துவிடாதே. எல்லாக் கோரும் வேலை செய்யும்போது வேகம் குறைவு, ஆபத்து அங்கே இல்லை. சும்மா ப்ரௌசர் திறந்து வைத்திருக்கும்போது ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்கு எகிறும் பார், அப்போதுதான் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் உண்டு, ப்ராசஸரை வாட்டும் ப்ரைம்95-ஐ வைத்தே ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கு. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அடியில் விண்டோஸ் ஹார்ட்வேர் எரர்ஸ் என்று ஒரு வரி இருக்கும், காலையில் அது பூஜ்யமாக இல்லையென்றால் வோல்டேஜைக் கொஞ்சம் திருப்பிக் கொடு.

இதெல்லாம் செய்வதற்கு முன் கேபினட்டைத் திற. நம் ஊரில் மென்பொருள் சொல்லாத ஒன்று உப்பு. கடலோரம் இருப்பவர்கள் ஹீட்சிங்க் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள், வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும், பிடித்த தூசி ப்ளோயர் அடித்தால் போகாது, மென்மையான பிரஷ்தான் போட வேண்டும். விசிறி பேரிங்கும் இங்கே சீக்கிரம் போகும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் விசிறியின் சதவீதம் 100, ஆனால் சுற்று போன வருடத்தைவிடக் குறைவு என்று இருந்தால் விசிறி மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதனால் புதிதாக வாங்கிய அன்றே முழு வேகத்தில் எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் லேப்டாப்

மேசைக் கணினிக்காரர்களே, எங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். இன்டெல் 10ஆம் தலைமுறை லேப்டாப். ப்ராசஸர் வோல்டேஜை மாற்றும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருள் போட்டேன், வோல்டேஜ் பகுதியில் பூட்டியிருக்கிறது என்று காட்டுகிறது. முன்பு இதே மென்பொருளில் நண்பன் ஒருவன் வோல்டேஜை இறக்கினானே?

லாஸ்பேட்டைக்காரன்

2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்று ஒரு தாக்குதலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மென்பொருள் வழியாக வோல்டேஜை இறக்கி, ப்ராசஸரின் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கணக்கைத் தப்பாகப் போடவைத்து ரகசியச் சாவியைக் கறக்கும் வித்தை. அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில் இந்த வசதியையே பூட்டிவிட்டார்கள். உங்கள் நண்பர் அதற்கு முந்தைய பயாஸில் இருந்திருப்பார்.

பூட்டியிருந்தாலும் வழி இருக்கிறது. த்ராட்டில்ஸ்டாப்பிலேயே மின்சக்தி வரம்பைக் குறைக்கலாம், சில மாடலில் அதுவும் பூட்டு. எதுவுமே முடியவில்லை என்றால் விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸர் உச்ச நிலையை 99 சதவீதம் ஆக்குங்கள், தானாக வேகம் ஏற்றும் டர்போ அணைந்துவிடும். வேகம் நன்றாகவே குறையும், ஆனால் மடியில் வைத்து டைப் அடிக்க முடியும்.

நேருவீதி நைட்ஷிப்ட்

இன்டெல் என்றதும் ஒன்று. 13, 14ஆம் தலைமுறை மேசை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் ஹெச்டபிள்யூஇன்ஃபோ முதல் சாளரத்தில் மைக்ரோகோடு, அதாவது ப்ராசஸருக்குள் ஓடும் சிறு நிரல், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஸ்லைடரைத் தொடாதவர்களுக்கும் வோல்டேஜ் அதிகமாகப் போய் ப்ராசஸர் கெட்டது 2024ல் பெரிய பிரச்சினை ஆனது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி என்று திருத்தம் வந்தது, பயாஸ் புதுப்பித்தால்தான் உள்ளே போகும். வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

உப்புக்காற்று அண்ணே, உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று ஏசியை அணைத்துவிட்டு என் +120-ஐ ஓட்டிப் பார்த்தேன். 40 நிமிடத்தில் கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்தது. ஏசி போட்டதும் மறுபடி சரி. நான் இறக்க மாட்டேன், ஆனால் ஏசி நின்றால் ஆடவும் மாட்டேன்.

கெடிலக்கரை

3200 ஆக்கியாயிற்று, மெம்டெஸ்ட் பிழை இல்லாமல் முடிந்தது. கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 15ல் கோர்சைக்ளர் மூன்றாவது கோரில் பிழை காட்டியது, அதை மட்டும் மைனஸ் 8 ஆக்கினேன், மற்றவை நிற்கின்றன. மதியம் மூன்று மணிக்கு, அறை 37ல் இருக்கும்போது, எக்ஸ்போர்ட் ஓடியபடி ப்ராசஸர் 78. முன்பு இதே வேளையில் 84.

கேமில் மட்டும் ஒரு சின்னத் திக்கல், இரண்டு நொடிக்கு ஒரு தடவை சரியாக வருகிறது.

லாஸ்பேட்டைக்காரன்

இரண்டு நொடி என்பது ஹெச்டபிள்யூஇன்ஃபோ உணரிகளை வாசிக்கும் இடைவெளி. ஏதோ ஒரு உணரி பதில் சொல்லத் தாமதிக்கிறது, கேம் அதற்காகக் காத்திருக்கிறது. இடைவெளியை ஐந்து நொடி ஆக்கு, திக்கலும் ஐந்து நொடிக்கு மாறினால் உறுதி. பிறகு தேவையில்லாத உணரிப் பகுதிகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பார், மறைத்தால் மட்டும் போதாது, முடக்க வேண்டும்.

கெடிலக்கரை

ஐந்துக்கு மாறியது! போர்டு சில்லின் பகுதியை முடக்கியதும் போய்விட்டது. அந்த 127 டிகிரியும் அதோடு சேர்ந்து போனது.

வில்லியனூர் லேப்டாப்

மின்சக்தி வரம்பு என்னுடையதில் திறந்திருக்கிறது. 45 வாட் என்று இருக்கிறது, எவ்வளவு வைக்கலாம்?

உப்புக்காற்று

35ல் தொடங்கு. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் எப்போது மாற்றியது, அதைச் சொல். வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால் முதலில் அதைச் செய், பிறகு எண்ணைப் பேசலாம்.